தாழ்மையுள்ள தலைவர் அதிகாரத்தோடு பேசலாமா?

கேள்வி:

எங்கள் சபையின் வாலிபர் குழுவை நடத்தும் பொறுப்பு அண்மையில் என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைவர் ஊழியக்காரராக இருக்க வேண்டும் என்று கேட்டே வளர்ந்ததால், நாற்காலிகளை அடுக்குவது, கூட்டம் முடிந்தபின் அறையைப் பெருக்குவது போன்ற வேலைகளை விரும்பியே செய்கிறேன். ஆனால், ஆயத்தமின்றி வந்து பாடல் நடத்தும் ஒரு சகோதரரிடம் அதைச் சுட்டிக்காட்டியபோது, எனக்குத் தாழ்மை இல்லை என்று பேச்சு எழுந்தது. பேசாமல் இருந்தால் ஊழியம் கெடுகிறது. சீடரின் கால்களைக் கழுவிய ஆண்டவரைப் பின்பற்றுகிறவர் கண்டித்துப் பேசுவது முறையா? வேதத்தின் அடிப்படையில் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:

கர்த்தருக்குள் அன்பான சகோதரருக்கு, யோவான் 13ஆம் அதிகாரத்தை 3ஆம் வசனத்திலிருந்து நிதானமாக வாசித்துப் பாருங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறார் என்று அறிந்தவராகவே இயேசு பந்தியை விட்டு எழுந்து, சீலையை (துண்டை) அரையில் கட்டிக்கொண்டார். தம் அதிகாரத்தை மறந்தோ மறைத்தோ அவர் குனியவில்லை. தம் கால்களைக் கழுவக் கூடாது என்று பேதுரு மறுத்தபோது அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. கழுவாவிட்டால் தம்மிடத்தில் பங்கில்லை என்று உறுதியாகச் சொன்னார். சீலை இன்னும் இடுப்பில் இருக்கும்போதே சொல்லப்பட்ட வார்த்தை அது. ஆகவே கண்டிப்பும் தாழ்மையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. என்னை அதிகமாய் அசைப்பது வேறொன்று: யூதாஸ் வெளியே போவது 30ஆம் வசனத்தில்தான், அப்படியானால் காட்டிக்கொடுக்கப்போகிறவனின் கால்களும் அன்று கழுவப்பட்டன. உங்களைக் குறை பேசுகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது.

மறுமொழி 2:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் நாற்காலி அடுக்குவதோடு பணிவிடை முடிந்துவிடுவதில்லை, அதிகாரத்தைப் பகிர்ந்துகொடுப்பது அதைவிடக் கடினமானது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர் பன்னிருவர் அந்த முறுமுறுப்பை அடக்கவில்லை. பந்தி விசாரிக்கும் வேலையைத் தாங்களே சுமந்துகொள்ளவும் இல்லை. எல்லாரையும் கூட்டி, நற்சாட்சி பெற்ற 7 பேரைத் தெரிந்தெடுக்கும் உரிமையைச் சபையாரிடமே கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு முதல் நிக்கொலா வரை, தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே; முறுமுறுத்தவர்களின் தரப்பிடமே பொறுப்பு போனது என்று தோன்றுகிறது. பவுலும் எருசலேம் பரிசுத்தவான்களுக்கான (அங்கிருந்த விசுவாசிகளுக்கான) தர்மப்பணத்தைத் தனியாகக் கையாளாமல், யாரும் குற்றஞ்சாட்ட இடமில்லாதபடி, சபைகள் நியமித்த ஒரு சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). உங்கள் குழுவின் கணக்கை உங்களைத் தவிர வேறு யார் பார்க்கிறார்கள்? உங்கள் தீர்மானத்தை யாரேனும் தடுத்துப் பேச முடிகிறதா? தாழ்மையைக் குறித்து நான் முதலில் கேட்கும் கேள்விகள் இவைதான்.

மறுமொழி 3:

சகோதரரே, கண்டிக்கும் விதத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசும்படி மத்தேயு 18:15 சொல்லும்போது, ஒருவேளை நீங்கள் பலர் முன்னிலையில் பாடல் குறையைச் சுட்டிக்காட்டியிருந்தால், அதற்கு அவசியம் என்ன? மேலும், 'நான் ஊழியக்காரன்' என்று சொல்லிக்கொண்டே மற்றவர்களிடம் கேள்வியற்ற கீழ்ப்படிதலை எதிர்பார்க்கும் தலைவர்களால் மனம் முறிந்து சபையை விட்டே போனவர்கள் உண்டு. இதை மிகுந்த வேதனையோடு எழுதுகிறேன். மந்தையை இறுமாப்பாய் ஆளாதபடி பேதுரு எச்சரித்தது சாதாரண விசுவாசிகளை அல்ல, மூப்பர்களைத்தான் (1 பேதுரு 5:1-3). தாழ்மையைக் குறித்த போதனை முதலாவது தலைவருக்கே உரியது.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அந்தச் சகோதரரை அடுத்த கூட்டத்துக்கு முன் தனியே சந்தித்து, ஆயத்தப்பட நேரம் கிடைக்காததற்கு என்ன காரணம் என்று முதலில் கேட்கிறேன். கணக்கு இதுவரை என்னிடம் மட்டுமே இருக்கிறது. அதைப் பார்க்கும் இருவரைக் குழுவினரே தெரிந்தெடுக்கும்படி கேட்டுக்கொள்ளப்போகிறேன்.