வலிப்பு வர்ற குழந்தைக்கு கீட்டோ டயட்டா? வேண்டவே வேண்டாம்

தராசு:
ஒரு வீடியோல ஒருத்தர் "மாத்திரைய தூக்கிப் போடுங்க, கீட்டோ போதும்"னு அடிச்சு விடுறாரு, கீழ பெத்தவங்க எப்ப ஆரம்பிக்கலாம்னு கேக்குறாங்க. மாவுச்சத்த ரொம்பக் குறைச்சு கொழுப்ப கூட்டி உடம்பு குறைக்கிற டயட்ட புள்ளைங்க மேல சோதிச்சுப் பாக்குறதா?

சின்னவன்_அம்மா:
வீடியோ அபத்தம், அதுல சண்டையே இல்ல. ஆனா இந்த டயட் வந்ததே வலிப்புக்குத்தாங்க. 1921ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டர் ரசல் வைல்டர் வச்ச பேரு, பட்டினி கிடந்தா வலிப்பு குறையுதுன்னு பார்த்து, பட்டினி போடாமலே உடம்பு கொழுப்ப எரிச்சு கீட்டோன்ங்கிற எரிபொருள உண்டாக்க வச்சாங்க. 1938ல ஃபெனிடாயின்ங்கிற வலிப்பு மாத்திரை வந்ததும் எல்லாரும் இத மறந்துட்டாங்க.

தராசு:
நூறு வருஷப் பழசுன்னா சரியாயிடுமா? ஆதாரம் சொல்லுங்க.

சின்னவன்_அம்மா:
2008ல வெளியான லண்டன் ஆய்வு. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள 145 குழந்தைங்க. 3 மாசத்துல வலிப்பு பாதிக்கு மேல குறைஞ்சது டயட் குரூப்ல 38%, டயட் இல்லாத குரூப்ல 6%.

தராசு:
அதே ஆய்வுல 90%க்கு மேல குறைஞ்சது வெறும் 7% பேருக்கு, அத ஏன் விட்டீங்க? யாருக்கு டயட்னு வீட்டுல தெரியும், வலிப்ப எண்றதும் அதே வீடுதான், ஆசைல ரெண்டு கம்மியா எழுதிட்டா? டயட் குரூப்ல 73 பேர் சேர்ந்து 54 பேரோட டேட்டாதான் கிடைச்சுது.

வார்டு_நர்ஸ்:
தராசு சார் கேக்குறது நியாயமான கேள்விதான், ஆனா எதோட ஒப்பிடுறீங்கன்னு பாருங்க, ரெண்டு மருந்து கேக்கலன்னா மூணாவது மருந்துல வலிப்பு முழுசா நிக்கிற வாய்ப்பு ரொம்பக் கம்மி. குளூட்1 குறைபாடுன்னு ஒரு பிறவிக் கோளாறு இருக்கு, அதுல மூளைக்கு குளுக்கோஸ் சரியா போகாது, அங்க இந்த டயட்தான் முதல் சிகிச்சை. ஆனா கொழுப்ப எரிக்க முடியாத பிறவிக் கோளாறு இருந்தா இதே டயட் உயிருக்கே ஆபத்து, அதான் டெஸ்ட் எடுக்காம தொடங்கவே மாட்டாங்க. அப்புறம் மலச்சிக்கல், கிட்னி கல், கொலஸ்ட்ரால், வளர்த்தி குறையுறது, எல்லாத்தையும் விடாம பாக்கணும்.

சின்னவன்_அம்மா:
எங்க வீட்டுல 4:1. அதாவது புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து 1 கிராம்னா கொழுப்பு 4 கிராம். எடை மெஷின் இல்லாம ஒரு வாய் கிடையாது, காய்ச்சல் சிரப்புல சர்க்கரை இருக்கான்னு கூட பாக்கணும். இத வீடியோ பார்த்து செய்ய முடியுமா சொல்லுங்க.

தராசு:
அப்ப பலன் இல்லன்னா? வருஷக்கணக்கா இழுப்பாங்களா?

வார்டு_நர்ஸ்:
மூணு மாசம் போல பார்ப்பாங்க, பிரயோஜனம் இல்லன்னா படிப்படியா நிறுத்திடுவாங்க. கேட்டுச்சுன்னா பொதுவா ரெண்டு வருஷம்.

தராசு:
அந்த மூணு மாசமும் மாத்திரை?

சின்னவன்_அம்மா:
அது பாட்டுக்கு ஓடும் சார். குறைக்கணுமா வேணாமான்னு டாக்டர்தான் சொல்லணும்.