டாஷ்போர்டு கியர் அம்பு: கேட்டு ஓட்டலாமா, கண்டுகொள்ளாமல் விடலாமா?

வைகைக்கரை:
இப்போது வரும் மேனுவல் கார்கள் பலவற்றில் ஸ்பீடோமீட்டர் ஓரமாக கியர் எண்ணும் பக்கத்தில் ஓர் அம்பும் தெரிகின்றன. மேல் அம்பு வந்தால் கியர் ஏற்று, கீழ் அம்பு வந்தால் இறக்கு. ஓட்டுகிறவனுக்கு இதனால் பயன் இல்லை என்பது என் கட்சி. 50-ஐத் தொட்டதுமே ஐந்தாவது போடச் சொல்கிறது. அந்த வேகத்தில் 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் 1,500 ஆர்பிஎம்மில் நிற்கும். முன்னால் போகும் ஆட்டோவைத் தாண்ட பிக்கப் இருக்காது, மூன்றுக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். நம் சாலைகளில் ஐந்து போட்ட கை எடுப்பதற்குள் வேகத்தடை வந்துவிடும். கிளட்ச் தேய்வதுதான் மிச்சம். மைலேஜ் சான்றிதழில் நல்ல எண் வாங்குவதற்காகக் கம்பெனிகள் வைத்த அலங்காரம் இது. இல்லை என்பவர்கள் கணக்கோடு வாருங்கள்.

இசியூ பெஞ்ச்:
கணக்கோடே வருகிறேன் ஐயா.

சமதரையில் 50 கி.மீ. வேகத்தில் சீராகப் போக, சிறிய ஹேட்ச்பேக் ஒன்றுக்குச் சுமார் 3 கிலோவாட் போதும். அதை எத்தனை ஆர்பிஎம்மில் எடுக்கிறோம் என்பதில்தான் பெட்ரோல் இருக்கிறது. 1,000 ஆர்பிஎம்முக்கு ஐந்தாவது கியரில் 33 கி.மீ., மூன்றாவதில் 19 கி.மீ. வேகம் தரும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-இல் போகும்போது ஐந்தாவதில் 1,515, மூன்றாவதில் 2,630. அதே வேலைக்கு நிமிடத்துக்கு 1,100 சுற்று அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ரிங், பேரிங், கேம் ஆகியவற்றின் உராய்வுக்குப் பெட்ரோல் எரிகிறது. காற்று நுழையும் வாயிலான த்ராட்டில் பெரும்பாலும் மூடியே இருப்பதால் காற்றை உள்ளே இழுக்கவும் இன்ஜின் மெனக்கெட வேண்டும். பிஸ்டன் மேல் விழும் சராசரி அழுத்தமாக, பார் என்ற அலகில் சொன்னால், வெளியே வரும் வேலை ஐந்தாவதில் 2 பார், மூன்றாவதில் 1.1 பார். உராய்வும் உறிஞ்சலும் மட்டுமே ஏறக்குறைய 1 பார் சாப்பிடும் இன்ஜினில், மூன்றாவது கியரில் ஓட்டினால் சிலிண்டருக்குள் உண்டாகும் வேலையில் பாதி சக்கரத்தை எட்டுவதே இல்லை.

சான்றிதழுக்காக என்பதும் பொருந்தாது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இன் 661-ஆம் எண் ஒழுங்குமுறையில் இதைக் கட்டாயமாக்கியது. 2012 நவம்பர் 1 முதல் புதிய மாடல்களுக்கு, 2014 நவம்பர் 1 முதல் புதிதாக விற்கும் எல்லா மேனுவல் பயணிகள் கார்களுக்கும். அன்று அங்கே மைலேஜ் அளக்க நடப்பில் இருந்த என்இடிசி சோதனையில் கியர் மாற்றும் வேகங்களே முன்கூட்டி எழுதப்பட்டவை: 15, 35, 50, 70. அம்பைப் பார்த்து மாற்றி நல்ல எண் வாங்க அதில் வழியில்லை. சாலையில் ஓடும்போது எரிபொருள் குறையட்டும் என்றுதான் அந்தச் சட்டமே வந்தது. யோசனை அதைவிடப் பழையது. ஃபோக்ஸ்வேகன் 1981-இல் கொண்டுவந்த ஃபார்முல் ஈ வண்டிகளிலேயே இப்படி ஒரு விளக்கு உண்டு.

மலைப்பாதை:
சமதரைக் கணக்கு சமதரைக்குச் சரி தம்பி. அதே வண்டியில் ஐந்து பேர், சாமான் எல்லாம் சேர்த்து 1,350 கிலோ என்று வைங்க. 8 சதவீத ஏற்றத்தில் 40 கி.மீ. வேகத்தில் போக இன்ஜின் 15 கிலோவாட் தரணும். நாலாவது கியரில் அந்த வேகத்துக்கு 1,540 ஆர்பிஎம்தான் வரும். அதில் 15 கிலோவாட் எடுக்க 93 நியூட்டன் மீட்டர் டார்க் வேணும். டர்போ இல்லாத 1.2 லிட்டர் இன்ஜின் அந்தச் சுற்றில் முழு மிதியில், அதாவது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், தருவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஏசி கம்ப்ரசர் ஓடினால் அதுக்கும் எட்டாது. மூணாவதில் 2,100 ஆர்பிஎம், டார்க் 68 போதும், கைவசம் இருப்பு இருக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைப் பாதையில் 40. ரெண்டு வளைவுக்கு நடுவில் கொஞ்சம் சாய்வு குறைஞ்சதும் மேல் அம்பு எரியும். 100 மீட்டர் தள்ளி அடுத்த வளைவு இருப்பது அதுக்கு எப்படித் தெரியும்? அதை நம்பி நாலு போட்டவன் வளைவுக்கு நடுவில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிச்சுக்கிட்டே ரெண்டாவது தேடுவான்.

ஏற்றத்தையாவது விடுங்க, இறக்கம் அதைவிட மோசம். மிதியிலிருந்து காலை எடுத்தால் பல வண்டியில் மேல் அம்பு வருது. 10 சதவீத இறக்கத்தில் இந்த வண்டியை 40-இல் பிடிச்சு வைக்க ரெண்டாவது கியரில் இன்ஜினே ஏறக்குறைய பாதி வேலையைப் பார்த்துடும். ஐந்தாவதில் எட்டில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மிச்சம் முழுக்க பிரேக் தலையில். பேட் சூடேறி, காலிப்பரில் இருக்கும் பழைய பிரேக் ஆயிலும் சூடாகும். ஈரம் வாங்கின டாட் 3 ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதிச்சு ஆவியானால் பிரேக் பெடல் தரை வரைக்கும் இறங்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில், 36 வளைவுக்கும் தாழ்ந்த கியரிலேயே வரச் சொல்லிப் பலகை வெச்சிருக்கிறது இதுக்காகத்தான். பலகை சொல்வது ஒண்ணு, டாஷ்போர்டு சொல்வது இன்னொண்ணு.

இதில் பெட்ரோல் மிச்சமும் கிடையாது. கியரில் இருக்கும்போது காலை எடுத்தால், சுற்று ஐடிலுக்குப் பக்கத்தில் இறங்கும் வரைக்கும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் மூடியே கிடக்கும். ரெண்டாவதிலும் செலவு பூஜ்யம், ஐந்தாவதிலும் பூஜ்யம். அப்புறம் எதை மிச்சம் பிடிக்க அந்த அம்பு?

இசியூ பெஞ்ச்:
இறக்கத்தைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி அண்ணா, அதில் வாதாட இடமில்லை. காலை எடுத்த நிலையில் மேல் அம்பு காட்டாமல் அடக்குவது மென்பொருளில் நாலு வரி வேலை. செய்யாமல் விட்ட வண்டிகள் இருக்கின்றன, அது தயாரிப்பாளரின் சோம்பல்.

ஏற்றத்தில் மட்டும் உடன்பட மாட்டேன். நல்ல அமைப்பு வேகத்தையும் ஆர்பிஎம்மையும் மட்டும் பார்ப்பதில்லை. மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தம், கூலண்ட் வெப்பம் எல்லாம் கணக்கில் வரும். இஎஸ்பி என்ற சறுக்கல் தடுப்பு அமைப்பு உள்ள வண்டியில் முடுக்கச் சென்சாரை வைத்துச் சாய்வையும் தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். நாலாவதில் முழு மிதி மிதித்தால் கீழ் அம்பு வர வேண்டும், ஒழுங்காக ட்யூன் செய்த வண்டியில் வருகிறது. முன்னால் இருக்கும் வளைவு தெரியாது என்பது உண்மை. அது தெரிய வேண்டியது ஓட்டுநருக்கு.

காலையில் ஸ்டார்ட் செய்து கிளம்பியதும் சில வண்டிகளில் மேல் அம்பு தாமதமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது கோளாறில்லை. எரிபொருளைக் குறைப்பது முதல் நோக்கம் என்று சொல்லும் அதே ஐரோப்பிய விதி, அதற்காகப் புகை அளவு மீறி ஏறக்கூடாது, குளிர்ந்த இன்ஜினில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சூடேறுவது தள்ளிப் போகக்கூடாது என்றும் சொல்கிறது. கொஞ்ச நேரம் ஆர்பிஎம் கூடுதலாக இருந்தால்தான் கன்வர்ட்டர் சீக்கிரம் வேலைக்கு வரும்.

பிஸ்டன்:
மைலேஜைத் தாண்டி இரும்பையும் பாருங்க. நாலு சிலிண்டர் இன்ஜினில் 1,200 ஆர்பிஎம்மில் நொடிக்கு 40 வெடிப்பு, மூணு சிலிண்டரில் 30 மட்டும். இடைவெளி கூடக்கூட ஒவ்வொரு வெடிப்பின் உதையும் கிராங்கில் பெரிசா விழும். டீசலிலும் சில டர்போ பெட்ரோலிலும் இருக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீல் அந்த உதையை உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் வாங்குது. தாழ்ந்த சுற்றில் முழு மிதி தொடர்ந்து கொடுத்தால் அந்த ஸ்பிரிங்கும் அதன் தடமும்தான் முதலில் தேயும். ஆஃப் பண்ணும்போது கடகடன்னு சத்தம், ஐடிலில் அதிர்வு. மாத்தணும்னா கியர்பாக்ஸை இறக்கணும்.

டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலில் இன்னொரு ஆபத்து இருக்கு. 2,000-க்குக் கீழே அழுத்தி மிதிச்சால் ஸ்பார்க் அடிக்கும் முன்னாடியே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். எல்எஸ்பிஐ (லோ ஸ்பீட் ப்ரீ-இக்னிஷன்) என்பது அதுதான். இன்ஜின் தட்டுவதை உணரும் நாக் சென்சார் ஸ்பார்க் நேரத்தைத் தள்ளிப்போட்டு இதைத் தடுக்க முடியாது, ஏன்னா ஸ்பார்க்கே இதுக்குக் காரணம் இல்லை. பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைஞ்சு விழும். இதுக்காகவே அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ-யின் தர வரிசையில் 2018-இல் எஸ்என் ப்ளஸ், 2020-இல் எஸ்பி தர ஆயில் வந்தது. எஸ்என்னோடு நின்னுபோன பழைய ஸ்டாக் ஆயிலை இந்த இன்ஜினில் ஊத்திட்டு அம்பு சொன்னபடி 1,400-இல் ஓட்டுறது நல்லதில்லை.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். தாழ்ந்த சுற்று தனியா தீங்கு செய்யாது, தாழ்ந்த சுற்றில் கனத்த மிதிதான் கெடுக்கும். அம்பு சொன்னபடி ஏத்தினதும் மிதியைப் பாதிக்கு மேலே அழுத்த வேண்டி வந்தால் ஒரு கியர் இறக்கிடுங்க.

கத்துக்குட்டி:
அண்ணன்களுக்கு ரெண்டு சந்தேகம். கிளட்ச் மிதித்தால் எண் மறைந்துவிடுகிறதே, கியர்பாக்ஸில் தனி சென்சார் இல்லையா? பிஎஸ்6 டீசலில் இந்த அம்பை நம்பலாமா?

பிஸ்டன்:
நிறைய வண்டியில் தனி சென்சார் கிடையாது தம்பி. இன்ஜின் ஆர்பிஎம்மைச் சக்கர வேகத்தால் வகுத்து எந்த கியர்னு கண்டுபிடிக்குது. கிளட்ச் மிதிச்சால் அந்த விகிதத்துக்கு அர்த்தம் இல்லை, எண் மறையும். டயர் சைஸ் கொஞ்சம் மாத்தினால் குழம்பாது, ஏன்னா அடுத்தடுத்த கியருக்கு நடுவில் 25, 30 சதவீதம் இடைவெளி இருக்கும்.

இதில் மெக்கானிக்குக்கு ஒரு நன்மை இருக்கு. கிளட்ச் சறுக்க ஆரம்பிச்சால் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. விகிதம் கெட்டு எண் மாறி மாறிக் காட்டும், இல்லைன்னா மறையும். நாலாவதிலோ ஐந்தாவதிலோ மேடேறும்போது, காலை கிளட்ச்சில் வைக்காமலே எண் மறைஞ்சால் கிளட்ச் பிளேட்டைப் பார்க்கச் சொல்லுங்க. கிளட்ச் பெடல் சுவிட்ச் சரியா ஒட்டலைன்னாலும் இதே அறிகுறி வரும். முதலில் அதைப் பாருங்க, செலவு குறைவு.

பிஎஸ்6 டீசலில் நகரத்துக்குள்ளே முழு நேரமும் அம்பைக் கேட்டு 1,300, 1,400-இல் ஓட்டினால் புகைக்குழாய் சூடேறாது. புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்-இல் கரி சேரும். எரிச்சுச் சுத்தம் பண்ண உள்ளே 600 டிகிரி பக்கம் வரணும். டிபிஎஃப் விளக்கு எரிஞ்சால் நெடுஞ்சாலையில் 60-க்கு மேலே, 2,000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 15, 20 நிமிஷம் சீரா ஓட்டுங்க. அந்த நேரத்தில் மேல் அம்பு வந்தாலும் ஏத்த வேண்டாம். நடுவில் ஆஃப் பண்ணவும் வேண்டாம், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

வைகைக்கரை:
ஆக, ஏற்றத்தில் பாதி நம்பலாம், இறக்கத்தில் கூடாது, டிபிஎஃப் எரியும்போது கூடாது, டர்போவில் மிதியைப் பார்த்து. இத்தனை நிபந்தனையும் தெரிந்தவனுக்கு அம்பு எதற்கு? தெரியாதவனுக்கு அது ஆபத்து. 60-இல் போகிறவன் ஒரு நொடி டாஷ்போர்டைப் பார்த்தால் சாலையில் 17 மீட்டர் பார்க்காமல் கடக்கிறான். இன்ஜின் சத்தமும் மிதி கனமும் சொல்லாததை அம்பு என்ன சொல்லிவிடும்?

இசியூ பெஞ்ச்:
சத்தம் சொல்லும் என்பது எல்லோருக்கும் பொருந்தாது. ஏசி, பாட்டு, மூடிய கண்ணாடிக்கு நடுவே 2,500-க்கும் 1,800-க்கும் இன்றைய பெட்ரோல் காரில் சத்த வித்தியாசம் மிகக் குறைவு. காது கேளாத ஓட்டுநருக்கு அந்த வித்தியாசம் எட்டவே எட்டாது. ஆர்பிஎம் மீட்டரே இல்லாத அடிப்படை மாடல்களும் உண்டு. பலரும் தெரியாமலே மூன்றாவதில் 60 போகிறார்கள்.

கிளட்ச் தேய்மானத்துக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கியராக ஏற வேண்டியதில்லை. மூன்றாவதில் 50 வரை முடுக்கிவிட்டு, சாலை காலியாக இருந்தால் நேராக ஐந்தாவது. வேகத்தடை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் ஏற்றவே வேண்டாம்.

சந்தேகம் இருப்பவர்கள் வண்டியின் கோளாறு அறியும் ஓபிடி போர்ட்டில் ஒரு ப்ளூடூத் அடாப்டர் செருகி, பக்கத்து சீட்டில் இருப்பவரை மூன்று எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆர்பிஎம், கணக்கிட்ட லோடு, கட்டளையிட்ட காற்று-எரிபொருள் விகிதம் (லாம்டா: 1 என்றால் சரியான கலவை, குறைந்தால் பெட்ரோல் அதிகம்). லோடு 40 முதல் 75 சதவீதத்தில், லாம்டா 1-இல் நின்றால் அம்பு சொன்ன கியர் சரி. லோடு 85-ஐத் தாண்டி லாம்டா 0.9 பக்கம் இறங்கினால், இன்ஜின் தன்னைக் குளிர்விக்கக் கூடுதல் பெட்ரோல் ஊற்றுகிறது, உயர்ந்த கியரின் லாபம் அதிலேயே போய்விடும். அங்கே ஒரு கியர் இறக்கினால் செலவும் குறையும்.

மலைப்பாதை:
அந்தச் சோதனை நல்ல யோசனை, மலையில் செஞ்சு பார்த்தால் நான் சொன்னது எண்ணிலேயே தெரியும்.

ஓட்டக் கத்துக்கிறவங்களுக்கு மட்டும் இதை முதல் மாசம் காட்டாதீங்க. மறைக்க செட்டிங் இருந்தால் மறைச்சு வைங்க, இல்லைன்னா ஒரு சின்ன டேப் ஒட்டுங்க. முதலில் மிதியின் கனமும் அதிர்வும் காலுக்குப் பழகட்டும். பிறகு காலி நெடுஞ்சாலையில் அம்பைத் திறந்து, அவங்க போட்ட கியரும் அது சொல்வதும் ஒத்துப்போகுதான்னு பார்க்கச் சொல்லுங்க. மலை இறங்கும்போது எந்த கியரில் ஏறினீங்களோ அதே கியர், செங்குத்தா இருந்தால் இன்னொண்ணு கீழே. அங்கே அம்புக்கு வேலையே இல்லை.

வைகைக்கரை:
டேப் ஒட்டச் சொன்னீர்களே, அதுவரைக்கும் நான் உங்களோடு. நெடுஞ்சாலையில் திறக்கச் சொன்னதில் இல்லை. ஓபிடி எண்களோடு யாராவது வந்தால் மேற்கொண்டு பேசலாம். எந்த வண்டி, எந்தப் பாதை, எத்தனை பேர் உள்ளே, ஏசி ஓடியதா என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.