புதுப்பிப்பு: கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பொங்கல் விழாவும் சக்கர நாற்காலியும்

"ஒரு சரிவுப்பாதை, ஒரு சைகைமொழி பெயர்ப்பாளர் இருந்தால் தெருவிழா எல்லாருக்கும் ஆகிவிடும்" என்று முன்பு எழுதியிருந்தது பாதிதான் சரி. திருத்தம் இதோ.

மேடை 45 செ.மீ. உயரம் என்றால், 1:12 கணக்கில் (1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம்) சரிவு 5.4 மீட்டர் நீளம் வேண்டும். 2 மீட்டர் பலகையைச் சாய்த்து வைத்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழக்கூடும். மேடையையே 15 செ.மீ.க்கு இறக்கிவிடுங்கள், 1.8 மீட்டர் போதும். மழை பட்ட பிளைவூட் வழுக்கும், சொரசொரப்பு டேப் ஒட்டாமல் விடாதீர்கள்.

பெரிய தலைவலி நடைபாதை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் இது. காலாலும் கோலாலும் தொட்டு வழி அறிய நடைபாதையில் பதித்த மஞ்சள் தொடுகைக் கற்களை நம்பி நடப்பவர்கள் உண்டு. கூடாரக் கால், கரும்புக் கட்டு, எரிவாயுத் தோம்பு எல்லாம் சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் வந்து உட்காரும். முதல் நாள் இரவே இரு பக்கமும் 60 செ.மீ. விட்டு டேப் ஒட்டிவிடுங்கள். கடை போட்ட பிறகு சொன்னால் யார் நகர்த்துவார்கள்?

சைகைமொழிக்கு இருவர் வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறாவிட்டால் கை தளரும், அர்த்தம் நழுவும். இருட்டியதும் முகத்துக்கும் கைக்கும் தனி விளக்கு.

இந்த ஏற்பாடுகள் சறுக்குவது இரண்டாம் ஆண்டில்தான். நன்கொடை குறைந்தால் முதலில் வெட்டு விழுவது இந்தச் செலவுக்கு, பொன்னாடைக்கு அல்ல! ஆகவே தனித் தலைப்பில் காட்டாமல் மேடை, ஒலிபெருக்கிக் கணக்கோடு சேர்த்தே எழுதுங்கள். பலகையின் அளவு, கிடங்குச் சாவி யாரிடம், கூடார வரைபடம் மூன்றும் செயலாளர் மாறினாலும் கோப்பில் இருக்கட்டும்.