பொறி, குறி, பொய்க்குறி

மடல் 1
ரொறொன்ரோவிலிருந்து

அன்பின் நண்பர்களுக்கு,

சொந்தப் படகின் எஞ்சினைத் தாங்களே பார்த்துத் திருத்த நினைக்கிற ஆட்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கைநூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருபது பக்கம் ஓடிவிட்டது. இருபத்தோராம் பக்கத்தில் ஒரு வசனம் மூன்று கிழமையாக வழிமறித்து நிற்கிறது: "இக்னிஷன் ரைமிங் மார்க் நேராக வரவில்லை." இதைத் தமிழில் எப்படி எழுதுவது?

சொல் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று தெரியாமல் சொல் கேட்பது சரியில்லை. அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் இருப்பது பழைய படகு, சிம்கோ ஏரியில் விடுவது. நடுவே ஒரு பெட்டிக்குள் 5.7 லீற்றர் வி-8 பெற்றோல் எஞ்சின். பனிக்காலம் முழுக்க மூடிக் கிடந்ததைப் போன வைகாசியில் எடுத்தபோது நன்றாகத்தான் ஓடியது. நான் சும்மா இருந்திருக்கலாம். புதிதாக ஒரு ரைமிங் லைற் வாங்கியிருந்தேன், பிளக்கில் பொறி தெறிக்கும் ஒவ்வொரு தடவையும் மின்னுகிற விளக்கு. வாங்கின சாமானைப் பாவிக்க வேண்டுமே. முதலாம் சிலிண்டரின் பிளக் வயரில் கவ்வியை மாட்டி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் முனையில் இருக்கிற, அதிர்வைத் தணிக்கும் பலன்சர் சக்கரத்தில் வெளிச்சத்தை அடித்தேன். பலன்சரின் விளிம்பில் ஒரு வெட்டுக்கோடு. அதற்கு எதிரே, எஞ்சினோடு பூட்டிய சிறு தகட்டில் பாகைக் கணக்கு. பிஸ்டன் உச்சிக்கு வர 8 பாகை இருக்கும்போது பொறி தெறிக்க வேண்டும் என்கிறது கையேடு. கோடோ தகட்டின் கடைசி எண்ணையும் தாண்டி, கிட்டத்தட்ட 20இல் நின்றது.

பதறிப்போய், பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரம் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டரைத் தளர்த்தித் திருப்பி, கோட்டை 8க்குக் கொண்டுவந்து இறுக்கினேன். அன்றோடு படகின் சீவன் போய்விட்டது. ஸ்ராட் ஆகும், துறையை விட்டு நகரும். அழுத்தினால் மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு தண்ணீரை உழுமே தவிர, மேலே எழும்பி ஓடாது. புகைக்குழாய்ப் பக்கம் வழமையைவிடச் சூடு. துறைக்குப் பக்கத்தில் இருந்த கராஜில் காட்டினேன். அவர்களும் அதே கோட்டில் லைற் அடித்துப் பார்த்து, "ரைமிங் சரி" என்று சொல்லிவிட்டு கார்பரேற்றரைக் கழற்றினார்கள். பில் வந்தது, சீவன் வரவில்லை.

விஷயம் இதுதான். பலன்சர் ஒரே துண்டு இரும்பு இல்லை. உள்ளே கிராங்கோடு ஆப்பு வைத்துப் பூட்டிய குடம். வெளியே கனத்த வளையம். இரண்டுக்கும் நடுவே இறப்பர். வயது போக, எண்ணெய் பட, சூடு ஏற, இறப்பர் விட்டுப்போகும், வளையம் நழுவும். கோடு வெட்டியிருப்பது வளையத்தில். என்னுடையது 12 பாகை பின்வாங்கியிருந்தது. அதாவது 20 என்று தெரிந்த நேரத்தில் எஞ்சின் ஒழுங்காக 8இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் "திருத்தி" 8 ஆக்கியபோது, பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பி 4 பாகை இறங்கின பிறகு நெருப்புப் பற்ற வைத்தேன்.

"எரிபற்று நேரக்குறிப் பொருந்தாமை" என்று எழுதிப் பார்த்தேன். வாசிக்கவே மூச்சு வாங்குகிறது. உங்கள் யோசனை என்ன?

மடல் 2
கோவையிலிருந்து

> இக்னிஷன் ரைமிங் மார்க்

ஐயா, "ரைமிங்" என்று பார்த்ததும் எதுகை மோனை பற்றிய மடல் என்று நினைத்துத் திறந்தேன். உள்ளே போனால் பெட்ரோல் வாசனை. எங்கள் பக்கம் "டைமிங்".

பாலிடெக்னிக்கில் இயந்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் முதலில் ஒரு தடை எழுப்புகிறேன். "நேரம்" என்ற சொல்லே இங்கே தவறு என்பது என் கட்சி. கணக்குப் போட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றினால், நொடிக்கு 10 சுற்று, 3,600 பாகை. 8 பாகையைக் கடக்க 2.2 மில்லி நொடி ஆகும். அதே எஞ்சின் 3,600 சுற்றில் ஓடினால் அந்த 8 பாகைக்கு 0.37 மில்லி நொடிதான். நேரம் ஆறில் ஒரு பங்காகிவிட்டது, பாகை அப்படியே இருக்கிறது. நாம் திருகி வைப்பது கோணத்தைத்தான். வேகம் ஏறும்போது இதே எஞ்சின் 30 பாகையை ஒட்டி முன்னே போவதும் இதனால்தான். எரிபொருள் எரிந்து முடிக்க வேண்டிய நேரம் வேகத்துக்கு ஏற்ற அளவில் குறையாது. அதனால் கோணத்தை முன்னே தள்ளி ஈடுகட்டுகிறார்கள். ஆகவே "பொறிக்கோணம்".

இப்போது பொறி. இது ஒரு பொல்லாத சொல். தீப்பொறியும் பொறி, இயந்திரமும் பொறி. சோழன் கொடியில் இருந்தது புலிப்பொறி, அங்கே அது சின்னம். கல்லில் வெட்டுவது பொறித்தல். எலி பிடிக்கவும் பொறிதான். உங்கள் வசனத்தை அப்படியே பெயர்த்தால், பொறியின் மேல் பொறித்த பொறிப்பொறி என்று வரும். மொழி வளம் என்று பெருமைப்படலாம், மெக்கானிக் ஓடிவிடுவார். அதனால் என் ஏற்பாடு: பொறி என்றால் தீப்பொறி மட்டும். இயந்திரத்துக்கு எஞ்சின் போதும். கோட்டுக்குக் குறி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. பிஸ்டன் மேலே போய் நிற்கும் இடத்துக்குத் தயவுசெய்து "மேல் சாவுப்புள்ளி" என்று எழுதிவிடாதீர்கள். பிஸ்டனை எவ்வளவு அமுக்கினாலும் கிராங்க் திரும்பாத நிலை அது. ஆங்கிலத்தில் அதைச் செத்த நிலை என்றார்கள், அந்தப் பிணத்தை நாமும் சுமக்க வேண்டியதில்லை. ஊஞ்சல் மேலே போய் ஒரு கணம் நின்று திரும்புகிறதே, அதுதான் இது. "உச்சம்" போதும். உச்சத்துக்கு முன் 8 பாகை, உச்சத்துக்குப் பின் 4 பாகை. குழந்தைக்கும் புரியும்.

மடல் 3
நாகப்பட்டினத்திலிருந்து

அண்ணே, சார், இருவருக்கும் வணக்கம்.

நான் பார்ப்பது விசைப்படகு டீசல் இஞ்சின்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் தலைக்கு மேல் வேலை. மற்ற மாதங்களில்தான் இப்படி மடல் எழுத முடிகிறது. எங்களிடம் தீப்பொறியே கிடையாது; அழுத்தத்தில் சூடான காற்றில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றும். ஆனாலும் டைமிங் மார்க் உண்டு, பிளைவீலில். பம்பில் டீசல் வழிந்து நிற்கிற இடத்தைக் கண்ணால் பார்த்து வைப்போம். சார் சொல்கிற பொறிக்கோணம் எங்களுக்கு ஒத்து வராது. "கோணம்" மட்டும் என்றால் சரி.

உண்மையைச் சொன்னால், துறைமுகத்தில் எவனும் கோணம் என்று சொல்ல மாட்டான். "டைமிங் கூட்டு, டைமிங் குறை" என்பான். அல்லது "முந்துது, பிந்துது" என்பான்.

எனக்குச் சண்டை சொல்லைப் பற்றி இல்லை. மார்க் நேரா வரலைன்னு ஒருத்தர் வந்து நின்றால் நான் கேட்பது ஒன்றுதான்: மார்க் பொய் சொல்லுதா, இஞ்சின் பொய் சொல்லுதா? குறி சொல்கிறவள் சொன்னதெல்லாம் நடந்துவிடுமா? அவள் கோலைத் தட்டினதும் பணத்தை எடுத்து வைக்கிற மாதிரி, லைட் அடித்ததும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிவிட்டீர்கள். என் கணக்கில் உங்களுடையது பொய்க்குறி.

மார்க் உண்மை சொல்லி, இஞ்சின் தவறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. பெட்ரோல் இஞ்சினில் கிராங்கையும், வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டையும் இணைக்கும் டைமிங் செயின் தளர்ந்தால் கேமும் டிஸ்ட்ரிபியூட்டரும் சேர்ந்து பிந்தும். அதைப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, கிராங்கைக் கையால் ஒரு பக்கம் திருப்புங்கள், நிறுத்தி, மெதுவாக எதிர்ப்பக்கம் திருப்புங்கள். உள்ளே சுற்றுகிற ரோட்டர் அசையத் தொடங்குவதற்குள் கிராங்க் எத்தனை பாகை வெறுமனே திரும்புகிறது என்று பாருங்கள். ரொம்பத் திரும்பினால் செயின் போயிற்று. லைட்டில் பார்க்கும்போது மார்க் ஒரு இடத்தில் நிற்காமல் தள்ளாடினாலும் அந்தச் சந்தேகம் வர வேண்டும்.

அப்புறம், கைநூலில் "எஞ்சினின் முன்பக்கம்" என்று எழுதியிருக்கிறீர்களா? சில படகில் இஞ்சினைத் திருப்பிப் போட்டு, கியர் வழியாகத் தண்டை மடக்கிப் பின்னால் அனுப்புவார்கள். அங்கே இஞ்சினின் முன்பக்கம் படகின் பின்பக்கத்தைப் பார்த்து நிற்கும். முதல் சிலிண்டர் எது என்று படகின் முன்முனையான அணியத்தைப் பார்த்து எண்ணினால் கதை கந்தல். படகுக்கு அணியம், இஞ்சினுக்கு புல்லிப்பக்கம், பிளைவீல்பக்கம் என்று பிரித்து எழுதுங்கள்.

மடல் 4
ரொறொன்ரோவிலிருந்து

> பொய்க்குறி

தம்பி, இதுதான் சொல். மூன்று கிழமையாக நான் தேடினது "பொருந்தாமை"க்கு ஒரு பெயர். இருந்தது இரண்டு நோய். ரைமிங் பிழை என்ற ஒரே வசனத்துக்குள் இரண்டும் ஒளிந்திருந்தன, நானும் மாட்டுப்பட்டேன், கராஜ்காரரும் மாட்டுப்பட்டார்கள். குறி உண்மை, பொறி தவறியது என்றால் அது முந்தல் அல்லது பிந்தல். பொறி சரி, குறி நழுவியது என்றால் அது பொய்க்குறி. முதலாவதுக்கு டிஸ்ரிபியூட்டரைத் திருப்பலாம். இரண்டாவதுக்குத் திருப்பினால் என் கதைதான்.

ஐயா சொன்ன "கோணம்" கணக்கில் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் பொறிக்கோணம் என்பதை விளக்கப் பக்கத்தில் மட்டும் வைக்கப்போகிறேன். வேலை செய்கிற பக்கங்களில் முந்தல், பிந்தல். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போய் அடி வாங்காத ஆள் இல்லை. அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இன்னொரு வசதியும் உண்டு. இரட்டை எஞ்சின் பூட்டிய பழைய படகுகள் சிலவற்றில், இரண்டு விசிறியும் எதிரெதிராகச் சுற்றட்டும் என்று ஓர் எஞ்சினையே மாற்றுத் திசையில் சுற்ற விட்டிருப்பார்கள். வழமையான எஞ்சின் 1-8-4-3-6-5-7-2 என்று வெடித்தால், அது 1-2-7-5-6-3-4-8 என்று வெடிக்கும். தகட்டில் பூச்சியத்துக்கு எந்தப் பக்கம் வழமையாக உச்சத்துக்கு முன்னோ, அந்தப் பக்கம் அங்கே உச்சத்துக்குப் பின். "கோடு இடப்பக்கம் நிற்க வேண்டும்" என்று எழுதியிருந்தால் அந்தப் படகுக்காரர் என்னைத் தேடி வந்திருப்பார். முந்தல் எந்தத் திசையில் சுற்றினாலும் முந்தல்தான்.

பொய்க்குறியைக் கண்டுபிடித்த விதத்தையும் எழுதிவிடுகிறேன், கைநூலில் இதே நடையில்தான் வரும். முதலில் நான் பிளக் துளைக்குள் ஒரு நீள ஸ்ட்ரோவை விட்டு, அது ஏறி நிற்கிற இடத்தை உச்சம் என்று எடுத்தேன். அது சரிவரவில்லை. ஊஞ்சல் கதை இங்கேதான். உச்சத்தின் இரண்டு பக்கமும் சில பாகைக்கு கிராங்க் திரும்பிக்கொண்டே இருக்கும், பிஸ்டன் அசைவதே தெரியாது. ஸ்ட்ரோ நின்றுவிட்டது என்று நான் நினைத்த இடம் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக இருந்தது.

அதனால் பற்றரி வயரைக் கழற்றி, எட்டு பிளக்கையும் எடுத்துவிட்டு, முதலாம் துளையில் ஒரு தடையைத் திருகினேன்: பிஸ்டன் உச்சத்துக்கு வர விடாமல் கொஞ்சம் கீழேயே முட்டி நிற்கச் செய்கிற ஒரு போல்ற். கிராங்கை நீளக் கம்பியால் மெல்லத் திருப்பினேன்; ஸ்ராட்டரைத் தொடவே கூடாது, பிஸ்டனில் ஓட்டை விழும். "டொக்" என்று முட்டியது. தகட்டின் பூச்சியத்துக்கு நேரே வளையத்தில் சோக்கால் ஒரு கோடு. மறுபக்கம் திருப்பினேன். மறுபடியும் "டொக்". இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடைப்பட்ட சின்ன வில்லைத் தையல் நாடாவால் அளந்து பாதியில் மூன்றாவது கோடு. உண்மையான உச்சம் அது. வெட்டுக்கோடு அதிலிருந்து 21 மில்லிமீற்றர் தள்ளி, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி இருந்தது.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு தரம் உச்சிக்கு வரும். வெடிக்கிற உச்சம் ஒன்று, புகை தள்ளுகிற உச்சம் மற்றது. கோடு இரண்டிலும் பூச்சியத்தில் வந்து நிற்கும். தடையைக் கழற்றிவிட்டுத் துளையை விரலால் மூடிக்கொண்டு கிராங்கைத் திருப்பினால், விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வருகிறதே, அதற்கு அடுத்து வருவது வெடி உச்சம். டிஸ்ரிபியூட்டரை எடுத்துப் போட்டவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பலன்சரை மாற்றிவிட்டேன். மாற்றும்போது தெரிந்த விஷயம், இதே எஞ்சின் குடும்பத்தில் வருடத்துக்கு வருடம் பலன்சரின் கோடும் தகடு நிற்கிற இடமும் மாறியிருக்கின்றன. பலன்சர் ஒரு வருடத்தது, தகடு இன்னொரு வருடத்தது என்று சேர்த்துப் பூட்டினால் புத்தம் புதிய பொய்க்குறி கிடைக்கும். பூட்டின கையோடு தடையைப் போட்டு மறுபடி பார்த்தேன். பூச்சியம் பூச்சியத்தில் நின்றது. பிறகு வழமை போல ஐந்து நிமிஷம் ஊதுவிசிறியை ஓடவிட்டு எஞ்சின் பெட்டிக்குள் தேங்கின பெற்றோல் ஆவியை வெளியேற்றினேன். அது காற்றைவிடக் கனம், அடித்தட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் ஸ்ராட். 8இல் வைத்தேன். படகு எழும்பியது.

காரில் பழகின ஆட்களுக்கு ஒன்று. கார் இறக்கத்தில் சும்மா உருளும். படகுக்கு இறக்கமே இல்லை, எந்நேரமும் மலை ஏறுகிற பாரம். முந்தல் கூடிப்போய் எஞ்சின் உள்ளே தட்டினாலும் அந்த இரைச்சலில் காதுக்குக் கேட்காது. பிஸ்டன் உடைந்த பிறகுதான் தெரியவரும். அதனால்தான் இந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாடு.

கைநூலுக்கு இப்போதைக்கு முடிவானவை: பொறி, குறி, உச்சம், முந்தல், பிந்தல், பொய்க்குறி, புல்லிப்பக்கம், குடம். குறிக்கு எதிரே நிற்கும் தகட்டுக்குப் "பாகைத்தகடு" என்று போட்டிருக்கிறேன், ஐயா மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன். மிச்சம் இருப்பது பிஸ்டனை முட்டி நிறுத்தும் அந்த போல்ற். "தடை" என்றால் தம்பியின் தடைக்காலம் மாதிரி இருக்கிறது. "முட்டுக்கட்டை" என்று எழுதலாமா? துறைமுகத்தில் அதற்கு ஏதாவது பேர் இருந்தால் சொல்லு தம்பி.