சைக்கிள் பாதையை எடுக்கப் போகிறார்களாம், ஆட்சேபணையில் என்ன எழுதுவது?

பின்சீட்டு_அம்மா:

எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பெரிய சாலையில் மூன்று வருடம் முன்பு சைக்கிளுக்குத் தனிப் பாதை போட்டு, ஓரத்தில் பிளாஸ்டிக் கம்பங்களையும் நட்டார்கள். போட்ட புதிதில் நானும் "இது யாருக்கு?" என்று முணுமுணுத்தவள்தான். மகளுக்கு எட்டு வயதானதும் பள்ளிக்குச் சைக்கிளில்தான் போவேன் என்று அடம் பிடித்தாள். அவளுக்காகப் பதினெட்டு வருடம் கழித்து நான் மறுபடி பெடல் மிதித்தேன். முதல் நாள் கை நடுங்கியது. இப்போது அவள் முன்னால் போகிறாள், நான் பின்னால். பள்ளிக்குப் பதினோரு நிமிடம். வழியெல்லாம் தோழிகளின் சண்டை, சமாதானம் எல்லாம் சொல்லிக்கொண்டே வருவாள். கம்பம் இல்லாத பழைய சாலையாக இருந்திருந்தால் அவளைப் பேசவே விட்டிருக்க மாட்டேன், "ஓரமாப் போ, ஓரமாப் போ" என்று கத்திக்கொண்டே வந்திருப்பேன்.

போன வாரம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நெரிசல் அதிகம், பாதையை யாரும் பயன்படுத்துவதில்லை, எனவே அகற்றப்படும் என்கிறார்கள். கருத்துச் சொல்ல மூன்று வாரம் அவகாசம்.

வீட்டிலேயே எதிர்க்கட்சி இருக்கிறது. மாமனார் தினமும் கார் ஓட்டுகிறார். "நான் போற நேரத்துல அதுல ஒரு ஈ காக்கா இல்லம்மா" என்கிறார். நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தைப் படித்த கணவர், "கவிதை மாதிரி இருக்கு, கோப்புல போட்டு மூடிருவாங்க" என்றார். மூடாமல் இருக்க என்ன எழுதலாம்?

சட்டப்புத்தகப்புழு:

கவிதையை நான்கு வரியோடு நிறுத்துங்கள், ஆனால் அதை எடுத்துவிடாதீர்கள். மகள் பேசிக்கொண்டே போவது முதல் பத்தியில் இருக்கட்டும்.

அப்புறம் கேள்விகள். கனடாவின் டொராண்டோவில் நடந்ததைப் பாருங்கள். புளூர், யங், யூனிவர்சிட்டி ஆகிய மூன்று சாலைகளின் சைக்கிள் பாதைகளை எடுக்க ஒன்ராறியோ மாகாண அரசு 2024 நவம்பரில் சட்டமே போட்டது. காரணம் இதே நெரிசல்தான். சைக்கிள் ஓட்டுபவர்கள் வழக்குப் போட்டார்கள். பாதையை எடுத்தால் விபத்துகள் கூடலாம் என்று அரசே அமர்த்திய பொறியியல் ஆலோசகர்கள் எச்சரித்திருந்தது வழக்கில் வெளியே வந்தது. 2025 ஜூலை 30 அன்று நீதிபதி பால் ஷாபாஸ், இப்படி எடுப்பது கனடா உரிமைச் சாசனத்தின் 7வது பிரிவுக்கு, அதாவது உயிருக்கும் உடல் பாதுகாப்புக்குமான உரிமைக்கு, எதிரானது என்று தீர்ப்பளித்தார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

அந்தத் தீர்ப்பு உங்கள் ஊரைக் கட்டுப்படுத்தாது. சைக்கிள் பாதை எல்லாருக்கும் பிறப்புரிமை என்றும் அது சொல்லவில்லை. ஆபத்து கூடும் என்று தெரிந்திருந்தும் எடுக்கிறீர்களே, எடுத்தால் நெரிசல் குறையும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்றுதான் கேட்டது. நீங்களும் அதையே கேளுங்கள். எந்த ஆய்வை வைத்து முடிவெடுத்தார்கள்? பாதை போடும் முன்பும் பின்பும் விபத்து எண்ணிக்கை என்ன? எடுக்க எவ்வளவு செலவு? டொராண்டோவில் அந்தப் பாதைகளைப் போட 2.7 கோடி டாலர் ஆனது, எடுப்பதற்கு 4.8 கோடி ஆகும் என்று நகராட்சி கணக்குக் கொடுத்தது. கார் ஓட்டும் மாமனாருக்கும் இந்தக் கணக்கு உறைக்கும், வரி அவரும் கட்டுகிறார் அல்லவா.

மூணாவது_கியர்:

"ஈ காக்கா இல்லை" என்பதற்கு மட்டும் ஒரு பதில். சைக்கிள் வரிசையில் நிற்காது அக்கா. இருபது சைக்கிள் ஒரே பச்சை விளக்கில் போய்விடும், அடுத்த நிமிடம் பாதை காலி. இருபது கார் என்றால் நூறு மீட்டருக்கு மேல் நீளும், அடுத்த சிவப்பிலும் அங்கேயே நிற்கும். காருக்குள் உட்கார்ந்து பார்ப்பவர் கண்ணில் படுவது நிற்கிறவைதான்.

வட அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பு ஒரு தடத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. கார்கள் ஓடும் தடத்தில் மணிக்கு 600 முதல் 1,600 பேர் போகலாம். இருவழிச் சைக்கிள் பாதையில் 7,500 பேர் வரை போகலாம். இது கொள்ளளவுதான், உங்கள் சாலையில் இன்று போகும் எண்ணிக்கை இல்லை. ஆகவே நீங்களே உட்கார்ந்து எண்ணுங்கள், தலைக்கணக்காக. காரில் ஒருவர் இருந்தால் ஒன்று, பின்சீட்டில் குழந்தையோடு போகும் சைக்கிள் இரண்டு. பள்ளி நேரத்தில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள். மழை நாளையும் விடாதீர்கள், இல்லையென்றால் நல்ல நாளாகப் பார்த்து எண்ணினாய் என்பார்கள்.

கல்லாப்பெட்டி:

நான் எதிரணி. எங்கள் தெருவில் பாதையை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட கடைக்காரன். சரக்கு வண்டி நிறுத்த இடம் போய்விட்டது, டிரைவர் நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடி வந்து இறக்குவார், பின்னால் ஹாரன். அந்த எரிச்சலில் போட்ட கையெழுத்து.

வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் காரில் வருகிறவர்கள் என்று அப்போது அடித்துச் சொல்வேன். ஒரு வாரம் பில் போடும்போதே எதில் வந்தீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். நடந்து வருகிறவர்கள்தான் அதிகம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரக்கு இறக்கும் பிரச்சினை பொய்யில்லை. உங்கள் கடிதத்தில் "சரக்கு இறக்க இடம் ஒதுக்குங்கள், பாதையை விட்டுவிடுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறுங்கள். ஒன்றிரண்டு பேராவது கையெழுத்துப் போடுவார்கள்.

பழைய_பஞ்சர்:

ஒரு கிழவனின் எச்சரிக்கை. நாள் தவறவிடாதீர்கள். 2009 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் பெட்ஃபோர்ட் அவென்யூவின் பாதைக் கோட்டை அழித்தார்கள். இரவில் சிலர் பெயிண்ட் வாங்கி வந்து தாங்களே வரைந்தார்கள், போலீஸ் பிடித்தது. 2012இல் டொராண்டோ ஜார்விஸ் தெருவில் கோடு அழிக்கும் லாரிக்கு முன்னால் மக்கள் உட்கார்ந்தார்கள். லண்டன் கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் 2020இல் போட்ட பாதை சுமார் ஏழு வாரமே நிலைத்தது, அங்கேயும் வேலையை மறித்துப் பார்த்தார்கள். மூன்றிலும் பாதை போய்விட்டது. முடிவெடுத்த பிறகு லாரியை மறிப்பது வீரம்தான், பாதை மிஞ்சாது. இந்த மூன்று வாரம்தான் உங்கள் கையில் இருப்பது.

பின்சீட்டு_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை எண்ணினோம். "எண்ணினோம்" என்றால் மாமனாரும்தான். நான் கூட்டிச் சொல்லிவிடுவேன் என்ற சந்தேகத்தில் தானே மடக்கு நாற்காலியோடு வந்துவிட்டார். நோட்டில் நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று ஐந்து ஐந்தாகப் போட்டார். பள்ளி மணி அடிக்கும் முன்பே ஒரு பக்கம் நிறைந்து, திருப்பிப் போட வேண்டியதாயிற்று. நடுவில் சக்கர நாற்காலியில் ஒருவர் அந்தப் பாதையில் போனார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று மாமனார் என்னைக் கேட்டார், தனிக் கட்டம் போட்டோம்.

மனம் மாறிவிட்டாரா என்றால் இல்லை. சந்திப்பில் திரும்பும் இடத்தில் பாதை தேவைக்கு மேல் அகலம் என்று வழியெல்லாம் வாதம். அதையும் கடிதத்தில் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். ஆட்சேபணையில் கையெழுத்துப் போட மாட்டாராம். எண்ணிக்கைத் தாளில் மட்டும் "நான் எண்ணியது சரி" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். நாளை மாலைக் கணக்குக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், நாற்காலி இன்னும் காரிலேயே இருக்கிறது.