புதுசு, ஹொஸது, கொத்ததி: மூன்றும் ஒரே சொல்லா?

ஓசூர் கடைக்காரன்:
பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய செல்போன் வாங்கி விற்கிறேன். ஒரே போனைக் காட்டினால் காவேரிப்பட்டணத்துக்காரர் "புதுசா?" என்பார், தளி அம்மா கன்னடத்தில் "ஹொஸதா?" என்பார், சூளகிரிக்காரர் தெலுங்கில் "கொத்ததா?" என்பார். மூன்று பேருக்கும் என் பதில் ஒன்றுதான்: "இல்லீங்க, பழசு." புதுவும் ஹொஸவும் சொந்தம் மாதிரி தெரிகிறது. கொத்த எங்கிருந்து வந்தது? எங்கள் ஊர்ப்பேரே 'ஹொஸ ஊரு' என்கிறார்களே, சரியா?

பாலக்கோடு வாத்தியார்:
பேர் சரிதான். உங்கள் ஓசூரும் எந்தப் புத்தூரும் பொருளில் ஒன்றே. ஹ மட்டும் தமிழ் வாயில் உதிர்ந்துவிட்டது. கன்னடத்தில் சொல் முதலில் வந்த பழைய ப, 10ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்து மெல்ல ஹ ஆனது. பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு. பழங்கன்னடத்தில் 'பொஸ'தான், துளுவில் இன்னும் அப்படியே. உ எப்படி ஒ ஆச்சு என்று கேட்பீர்கள். புகை அங்கே ஹொகெ, குடை கொடெ. நாம் மட்டும் என்ன, வீட்டில் பொகை, கொடை என்றுதானே பேசுகிறோம்!

பாகலூர்ப் பையன்:
எங்கள் வீட்டில் தெலுங்கு. கொத்த வேறு வேர், புதுவோடு சேராது. பழைய தெலுங்கில் அது 'க்ரொத்த'. நடுவிலிருந்த ர விழுந்துவிட்டது. 'க்ரிந்த' இப்போது 'கிந்த' ஆனது போல. அந்தக் கிந்த உங்கள் 'கீழ்'தான். ஆனால் உங்கள் கடைச் சரக்கைப் பாருங்கள் அண்ணா: தமிழில் பழ, கன்னடத்தில் ஹளெ, தெலுங்கில் பாத. பாத முன்பு 'ப்ராத'. ழ ர ஆகி முன்னால் ஏறிக்கொண்டது. புதுசுக்குத்தான் தெலுங்கு தனி வழி, பழசு மூவருக்கும் ஒரே வேர்.

ஓசூர் கடைக்காரன்:
அட! அப்போ புதுசில் உள்ள சு-வும் ஹொஸவில் உள்ள ஸ-வும் ஒன்றா?

பாலக்கோடு வாத்தியார்:
இல்லை, அங்கே ஏமாறாதீர்கள். புதிது, புதிசு, புதுசு என்று வந்தது; பெரிது பெரிசு ஆன மாதிரி. சு கடைசித் து-விலிருந்து வந்தது. ஹொஸவின் ஸ சொல்லின் உடம்பிலேயே இருக்கிறது.

ஓசூர் கடைக்காரன்:
சரிங்க. இன்றைக்குத் தளி அம்மா வந்தார். நானே முந்திக்கொண்டு "ஹளேது அம்மா" என்றேன். உடனே இருநூறு ரூபாய் குறைத்துக் கேட்டுவிட்டார்.