சீஸ்ஃபயர், ட்ரூஸ், ஆர்மிஸ்டிஸ்: மூன்றுக்கும் ‘போர்நிறுத்தம்’ போதுமா?

அனுப்பியவர்: வில்லியனூர்

அனைவருக்கும் வணக்கம்.

மாலை வகுப்பு மாணவர்களுக்காகப் பன்னாட்டு உறவுகள் பாடக்குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொரியப் போரில் வந்து மாட்டிக்கொண்டேன். 1953 ஜூலை 27-இல் பன்முன்ஜோமில் கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ். அதற்கும் போர்நிறுத்தம் என்கிறோம், சீஸ்ஃபயருக்கும் போர்நிறுத்தம் என்கிறோம். ட்ரூஸுக்குச் சிலர் போர் ஓய்வு என்கிறார்கள், மற்றவர்கள் அதையும் இதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன் கேட்டான்: “1953-லேயே போர் நின்னுடுச்சுன்னா, கொரியப் போர் இன்னும் முடியலைன்னு அடுத்த பக்கத்துல போட்டிருக்கீங்களே மேடம்?”

ஆர்மிஸ்டிஸ் என்றே விட்டுவிடலாம்தான். ஆனால் விடைத்தாளில் அதை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ‘தற்காலிகப் போர்நிறுத்தம்’ என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்குத் தோன்றியது ‘போர்த்தளை’. போரைக் கட்டிப்போட்ட நிலை என்ற பொருளில். குழுவினர் கருத்து தேவை.

---

அனுப்பியவர்: கடலூர் முதுநகர்

வில்லியனூர் அம்மாவுக்கு வணக்கம்.

‘தற்காலிக’ என்ற அடைமொழியை முதலில் கழற்றிப் போடுங்கள். முதல் உலகப்போரின் 1918 நவம்பர் 11 ஆர்மிஸ்டிஸுக்கு அவர்கள் குறித்த காலம் 36 நாள். அதை நீட்டித்து நீட்டித்துத்தான் 1919 ஜூன் 28 வெர்சாய் உடன்படிக்கை வரை ஓட்டினார்கள். கொரியாவிலோ எழுபது வருடம் தாண்டியாகிவிட்டது. அதைத் தற்காலிகம் என்று எழுதினால் அந்தப் பையன் மறுபடியும் கையைத் தூக்குவான்.

யார் கையெழுத்துப் போடுகிறார்கள், போட்ட பிறகு எது மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். பிரிவு தானாகத் தெரியும். சீஸ்ஃபயர் என்றால் சுடுவதை நிறுத்து, அவ்வளவுதான். வாய்மொழியாகவும் நடக்கும், ஒரு தரப்பு மட்டுமே அறிவிப்பதும் உண்டு. ஆர்மிஸ்டிஸ் என்பது எதிரெதிர்ப் படைத்தலைமைகள் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. கோடு எங்கே போகிறது, இடையில் எவ்வளவு தூரம் காலியாக இருக்க வேண்டும், கைதிகளை எப்படி ஒப்படைப்பது, யாராவது மீறினால் எந்தக் குழு விசாரிப்பது, எல்லாம் அதில் வரும். போர் என்ற நிலை மட்டும் அப்படியே இருக்கும். அதை எடுத்துப் போடுவதற்கு அரசுகள் வர வேண்டும், சமாதான உடன்படிக்கை வர வேண்டும்.

பன்முன்ஜோமையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா. படை சார்பில் ஹாரிசனும் வடக்குத் தரப்பில் நாம் இல்லும் கையெழுத்துப் போட்டது காலை 10 மணிக்கு. சுடுவது நிற்க வேண்டும் என்று அதில் குறித்திருந்த நேரம் இரவு 10 மணி. இடையில் பன்னிரண்டு மணி நேரம் ஆர்மிஸ்டிஸ் இருக்கிறது, சீஸ்ஃபயர் இல்லை. இரண்டையும் போர்நிறுத்தம் என்று எழுதினால் இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை வாசகருக்கு எப்படிச் சொல்வீர்கள்? தென்கொரியா கையெழுத்தே போடவில்லை. இறுதித் தீர்வு காண 1954-இல் ஜெனீவாவில் கூடினார்கள், கொரியா விஷயத்தில் ஒன்றும் தேறாமல் கலைந்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் முதற்கட்டச் சமாதானம் வெர்சாயில் கையெழுத்தானது 1783 ஜனவரி 20. செய்தி கப்பலில் வர வேண்டுமே! இங்கே ஜூன் 13-ஆம் தேதி ஆங்கிலேய ஜெனரல் ஸ்டூவர்ட்டின் படை, பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி காத்துநின்ற கடலூர் மீது பாய்ந்தது. இரண்டு பக்கமும் பெருத்த உயிர்ச்சேதம். ஜூன் 20-இல் கடலில் மோதியவை பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல், ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 போர்க்கப்பல். ஜூன் 25-இல் பிரெஞ்சுக்காரர் வெளியே வந்து ஒரு தாக்குதல் நடத்தித் தோற்றார்கள். மாதக் கடைசியில் வெள்ளைக்கொடி கட்டிய மெடியா என்ற கப்பல் சமாதானச் செய்தியோடு வந்த பிறகுதான் சண்டை நின்றது. ஐந்து மாதமாகக் காகிதத்தில் சமாதானம், கடலூரில் பீரங்கி. கொரியாவில் பீரங்கி ஓய்ந்துவிட்டது, காகிதம் இன்னும் வரவில்லை.

போர்நிறுத்தம் என்ற சொல்லைப் பிடுங்க வேண்டாம். பத்திரிகையும் டிவியும் சீஸ்ஃபயருக்கு அதைத்தான் பிடித்துவைத்திருக்கின்றன, அங்கேயே இருக்கட்டும். ட்ரூஸுக்குப் போர் ஓய்வு சரி. திருவிழாவுக்காக, பிணங்களை எடுப்பதற்காக, அடிபட்டவர்களை வெளியேற்றுவதற்காக விடும் இடைவெளிக்கு ஓய்வு என்பது பொருந்தும். நமக்கு வேண்டியது ஆர்மிஸ்டிஸுக்கு ஒரு சொல், அது மட்டும்தான்.

போர்த்தளை நல்ல சொல். ஆனால் போர் கட்டுண்டதா, போரால் நாம் கட்டுண்டோமா என்பது தெரியவில்லை. களத்தில் இருக்கும் தளபதிகள் எழுதுவதால் ‘கள உடன்பாடு’ என்று வைத்தால் என்ன?

---

அனுப்பியவர்: நெய்வேலி

> களத்தில் இருக்கும் தளபதிகள் எழுதுவதால் ‘கள உடன்பாடு’

வாத்தியார் ஐயா, புணர்ச்சி விதிப்படி சேர்த்து எழுதிப் பாருங்கள்: களவுடன்பாடு. திருட்டுக்குச் சம்மதம்! பிரித்துத்தான் எழுத வேண்டும் என்று நாம் தீர்மானம் போடலாம். அச்சகத்தில் யார் கேட்கப் போகிறார்கள்?

‘படை உடன்பாடு’ என்று ஒருவர் எனக்குத் தனிமடலில் எழுதியிருந்தார். அதைச் சேர்த்து எழுதினால் ‘படையுடன் பாடு’. அணிவகுப்பில் பாட்டுப் பாடச் சொன்ன மாதிரி இருக்கிறது. விளையாட்டு போகட்டும், படை உடன்பாடு என்றால் இரண்டு நாடு சேர்ந்து போடும் ராணுவக் கூட்டணி என்றுதான் எவரும் புரிந்துகொள்வார்கள். பொருள் அப்படியே தலைகீழ்.

---

அனுப்பியவர்: லாஸ்பேட்டை

வணக்கம். எங்கள் வீடு சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். நவம்பர் 11 காலையில் கடற்கரைச் சாலை நினைவிடத்தில் மலர்வளையம் வைப்பார்களே, அதற்குச் சின்ன வயதிலிருந்து போகிறோம். வீட்டில் அதை ‘அர்மிஸ்தீஸ்’ என்றே சொல்வோம். தமிழில் என்ன என்று யாரும் கேட்டதில்லை, இப்போதுதான் கேட்கிறீர்கள்.

பிரெஞ்சிலும் செஸே-லெ-ஃபே வேறு, த்ரேவ் வேறு, அர்மிஸ்தீஸ் வேறு. அர்மிஸ்தீஸ் என்ற சொல்லுக்கு உள்ளே இருப்பது ஆயுதம் அசையாமல் நிற்பது. அதனால் ‘ஆயுத நிறுத்தம்’ என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் ஆயுத விற்பனையை நிறுத்தியதாக நினைப்பார்கள்.

இன்னொன்று. ‘உடன்பாடு’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். 1918 மட்டும் அர்மிஸ்தீஸ் இல்லை. 1940 ஜூன் 22-இல் கொம்பியேன் காட்டில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் கையெழுத்துப் போட்டதும் அர்மிஸ்தீஸ்தான். அது கிட்டத்தட்ட சரணாகதி. அதை ஏற்க மாட்டேன் என்று லண்டனிலிருந்து பிரெஞ்சு ஜெனரல் தெகோல் பேசினார். அந்த செப்டம்பரிலேயே நம் புதுச்சேரி கவர்னர் பொன்வேன் தெகோல் பக்கம் சேர்ந்தார். இரண்டு பேரும் மனமொத்துச் செய்தது போல உடன்பாடு என்று எப்படி எழுதுவது?

காகிதமும் தரையும் வேறு வேறு என்பதைப் புதுச்சேரிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. நிர்வாகம் கைமாறியது 1954 நவம்பர் 1. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. எங்களுக்கு இரண்டு நாள் விழா!

---

அனுப்பியவர்: குறிஞ்சிப்பாடி

நான் யாழ்ப்பாணப் பக்கம். இங்கே வந்து கனகாலம்.

2002 பெப்ரவரி 22-இல் நோர்வே நடுநின்று இலங்கை அரசும் புலிகளும் கையெழுத்திட்டதை நாங்கள் யுத்த நிறுத்தம் என்றோம், புரிந்துணர்வு உடன்படிக்கை என்றும் சொன்னோம். யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை திறந்த பிறகு சனம் அந்த வருடங்களுக்குப் போட்ட பெயர் ‘சமாதான காலம்’. இன்றைக்கும் ‘சமாதான காலத்தில கட்டின வீடு’ என்றுதான் ஆட்கள் சொல்லுவினம். ஆனால் காகிதத்தில் சமாதானம் எங்கேயும் இல்லை. பதினான்கு நாள் முன்னறிவித்தல் கொடுத்தால் எந்தத் தரப்பும் விலகலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. 2008 ஜனவரியில் அரசாங்கம் அந்தப் பிரிவின்படியே அறிவித்துவிட்டு வெளியேறியது. சண்டை அதற்கு வெகு முன்னமே திரும்பிவிட்டது, அது வேறு கதை.

என்ன சொல் வைத்தாலும் வையுங்கோ. அதில் அமைதி, சமாதானம் இரண்டும் வர வேண்டாம்.

---

அனுப்பியவர்: கடலூர் முதுநகர்

லாஸ்பேட்டையும் குறிஞ்சிப்பாடியும் சொன்ன பிறகு கள உடன்பாட்டை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன். களவு மட்டும்தான் குறை என்றால் வாதாடியிருப்பேன்.

இப்போது என் முன்மொழிவு ‘போரிடைநிறுத்தம்’. அரசு அலுவலகத்தில் ஒருவரை சஸ்பெண்ட் செய்தால் பணியிடை நீக்கம் என்கிறோம் இல்லையா, அந்த ‘இடை’தான் இது. சஸ்பெண்ட் ஆனவர் இன்னும் பணியில்தான் இருக்கிறார். பதிவேட்டில் பெயர் இருக்கிறது. வேலை மட்டும் செய்வதில்லை. நாளைக்கே ஒரு கடிதம் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். 1907 ஹேக் விதிகளும் இதைத்தான் சொல்கின்றன: ஆர்மிஸ்டிஸ் படை நடவடிக்கைகளை நிறுத்திவைக்கிறது, காலம் குறிக்காவிட்டால் பேசிக்கொண்டபடி எதிரிக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டு எப்போதும் மறுபடி தொடங்கலாம். தோற்றவன் போட்ட கையெழுத்துக்கும் இது பொருந்தும், இரு தரப்பும் களைத்துப் போட்டதற்கும் பொருந்தும். யார் மனமொத்தார்கள் என்ற பேச்சே வராது.

எகிப்தும் இஸ்ரேலும் ரோட்ஸ் தீவில் 1949 பிப்ரவரி 24-இல் எழுதிக்கொண்டது போரிடைநிறுத்தம். பேச வைத்தவர் ஐ.நா.வின் ரால்ஃப் பன்ச். அதற்காக மறு வருடம் நோபல் அமைதிப் பரிசு வாங்கினார். அங்கே வரைந்த கோடு அரசியல் எல்லையாகக் கொள்ளத்தக்கதல்ல என்று ஆவணத்திலேயே எழுதினார்கள். பிறகு 1956, 1967, 1973 என்று மூன்று பெரிய போர். 1978-இல் கேம்ப் டேவிட் பேச்சு, 1979 மார்ச் 26-இல்தான் சமாதான உடன்படிக்கை. முப்பது வருட வழி. அந்த வழியில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று மாணவர் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பெயர் வேண்டும்.

கோடு என்றதும் ஒரு எரிச்சல். 1949-இல் காஷ்மீரில் போட்டது சீஸ்ஃபயர் கோடு. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு அது லைன் ஆஃப் கன்ட்ரோல், அதாவது கட்டுப்பாட்டுக் கோடு. நம் செய்தித்தாள்கள் அதை ‘எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு’ ஆக்கிவிட்டன. இல்லாத எல்லையை யார் உள்ளே நுழைத்தார்களோ! அது எல்லை என்று ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தானே அப்படி ஒரு பெயரே வைத்தார்கள்.

அரசுகளும் சொல்லை எடைபோட்டுத்தான் பேசுகின்றன. 2025 மே 10 பிற்பகல் 3.35-க்கு இந்திய, பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்கள் தொலைபேசியில் பேசினார்கள். மாலை 5 மணியிலிருந்து தரை, வான், கடல் மூன்றிலும் சுடுவதை நிறுத்துவதென்று முடிவு. நம் வெளியுறவுத் தரப்பு அதை ‘அண்டர்ஸ்டாண்டிங்’ என்றது. தமிழ்த் தலைப்புகளில் போர்நிறுத்தம். எனக்கு அதில் குறை இல்லை, சுடுவது நின்றது, அந்தச் சொல் அதற்குத்தான். போரிடைநிறுத்தம் என்று எழுதியிருந்தால்தான் தப்பு.

---

அனுப்பியவர்: நெய்வேலி

பொருள் பிரமாதம். காதுக்குத்தான் கஷ்டம். போர்நிறுத்தம், போரிடைநிறுத்தம். வேகமாகச் செய்தி வாசிக்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். பத்திரிகை அலுவலகத்தில் தலைப்புக்கு இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது ‘இடை’தான். போர்த்தளையை இவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டுமா? போர்த்தளைக் கோடு, போர்த்தளை நாள், போர்த்தளை ஆணையம் எல்லாம் வாயில் சுலபமாக வருகின்றன. போரிடைநிறுத்த ஆணையம் என்று ஒரு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

---

அனுப்பியவர்: கடலூர் முதுநகர்

சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கூட்டுச்சொல்லில் ‘போர்’ தேவையில்லை: இடைநிறுத்தக் கோடு, இடைநிறுத்த ஆணையம், இடைநிறுத்த நாள். இடம் தெரிந்த பிறகு யாருக்கும் குழப்பம் வராது. தளையை யாப்பிலிருந்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. இது வெறும் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

அனுப்பியவர்: வில்லியனூர்

எல்லோருக்கும் நன்றி. போர்த்தளை என் பிள்ளை என்றாலும் விட்டுக்கொடுக்கிறேன். பாடக்குறிப்பு இப்போது இப்படி:

“1953 ஜூலை 27 காலை பன்முன்ஜோமில் போரிடைநிறுத்தம் கையெழுத்தானது. அன்று இரவு 10 மணிக்குப் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. சமாதான உடன்படிக்கை இன்றுவரை ஏற்படவில்லை.”

நெய்வேலித் தம்பி சொன்ன ஆபத்துக்காக, முதல் தடவை வரும் இடத்தில் ‘இடை’ மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். 1918, 1940, 1949 மூன்றுக்கும் இதே சொல்தான். இலங்கை 2002-க்குப் போர்நிறுத்தம், அடிக்குறிப்பில் ‘சமாதான காலம்’ என்ற மக்கள் வழக்கு. காஷ்மீருக்குக் கட்டுப்பாட்டுக் கோடு, எல்லை இல்லாமல். கடலூர் 1783-ஐப் பயிற்சிக் கேள்வியாக வைத்துவிட்டேன்: அந்த ஜூன் மாதம் இங்கே எது இருந்தது, எது இல்லை?

அடுத்த சிக்கல் அதே பாடத்தில் காத்திருக்கிறது. டீமிலிட்டரைஸ்டு ஸோன். கொரியாவின் இடைநிறுத்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கிலோமீட்டர். ‘படை நீக்கிய பகுதி’ என்று எழுதினால், அதன் இரு ஓரத்திலும் இவ்வளவு படை ஏன் குவிந்திருக்கிறது என்று கேட்பான் அந்தப் பையன். யோசித்து வையுங்கள்.